சலுகை வாரத்தில் ஸ்டேக் உணவகங்கள்: தட்டில் வருவதையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வெளிநாடுவாழ் தமிழர்களுக்கான பக்கத்தில், உணவகங்கள் குறைத்து நிர்ணயித்த விலையில் முழுச் சாப்பாடு தரும் நியூயார்க் நகரத்தின் ‘ரெஸ்டாரண்ட் வீக்’ சலுகைக் காலத்தைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கும், இங்கே மேற்படிப்புக்கு வந்திருக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் செய்தி அது. எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் மாட்டிறைச்சியின் தடித்த துண்டை அனலில் வாட்டித் தரும் ஸ்டேக் உணவகங்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. வழக்கமாக நூறு டாலருக்கு மேல் ஆகும் விருந்தை இந்த வாரங்களில் 60 டாலருக்குள் முடித்துவிடலாம் என்ற பொருளில் அமைந்த அந்த வரிதான் இக்கடிதத்தை எழுதவைத்தது. அதை அப்படியே நம்பிப் போகிறவர் உணவகத்தின் வாசலைத் தாண்டி மேசையில் உட்கார்ந்த பிறகே உண்மையை அறிய நேரிடும். அதற்குள் திரும்பி வர முடியாத நிலை வந்துவிடும்.

நான் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 17 ஆண்டுகளாக வசிக்கிறேன். வந்த புதிதில் இரண்டு ஆண்டுகள், மன்ஹாட்டனில் ஓர் உணவகத்தில் மாலை நேரங்களில் மேசை துடைத்து, எச்சில் தட்டு எடுத்து, தண்ணீர் ஊற்றும் வேலை பார்த்தேன். இப்போது கணக்குத் துறையில் இருக்கிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால், இந்தச் சலுகையின் நன்மையையும் குறையையும் ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

இந்த வழக்கம் நியூயார்க்கில்தான் பிறந்தது. 1992-இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு இந்நகரில் நடந்தபோது, உணவக வழிகாட்டி நூல்களை வெளியிட்டுவந்த டிம் சாகட் என்பவரும், பெரும் உணவகங்களை உருவாக்கிய ஜோ பாம் என்பவரும் சேர்ந்து, வெளியூர்ப் பிரதிநிதிகளும் செய்தியாளர்களும் நகரத்தின் நல்ல உணவகங்களைச் சுவைத்துப் பார்க்கட்டும் என்று இதைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டைக் குறிக்கும் வகையில் மதிய உணவின் விலை 19.92 டாலர் என்று வைத்தார்கள். ஒரு முறையோடு முடிந்துபோக வேண்டிய ஏற்பாடு மக்களுக்குப் பிடித்துப்போனதால் ஆண்டுதோறும் தொடர்ந்தது; பிறகு உலகின் பல நகரங்கள் இதைப் பின்பற்றின. இன்று நியூயார்க்கில் ஆண்டுக்கு இரு முறை, பண்டிகைக் கூட்டம் ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியிலும், நகரவாசிகள் விடுமுறைக்கு வெளியேறும் ஜூலை, ஆகஸ்டிலும், நகரின் சுற்றுலா அமைப்பு இதை நடத்துகிறது. பெயரில் ‘வாரம்’ இருந்தாலும் ஒரு வாரத்தோடு நிற்பதில்லை. 30, 45, 60 டாலர் என்று மூன்று விலைகளில் எதை ஏற்பது என்பதை உணவகமே முடிவு செய்கிறது. மதியத்துக்கு இரண்டு பதார்த்தங்கள், இரவுக்கு மூன்று. சனிக்கிழமைகளில் சலுகை இல்லை. காலியாகக் கிடக்கும் மேசைகளை நிரப்புவதுதான் நோக்கம் என்பதால், தானாகவே நிரம்பும் நாளை விட்டுவைத்திருப்பதில் குறை காண ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் போற்றுகிறேன். என் அக்கா மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே முதுகலை படிக்க வந்தான். மாதச் செலவுக்கே கையைப் பிசைந்துகொண்டிருந்த பிள்ளை, வெள்ளைத் துணி விரித்த மேசையில், சுவரெல்லாம் கருமரப் பலகை பதித்த பழைய ஸ்டேக் உணவகத்தில் ஒரு முறை உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். குளிர்கால ரெஸ்டாரண்ட் வீக்கில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவனை அழைத்துப் போனேன். சலுகைப் பட்டியலைக் கேட்காமலேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஹேங்கர் ஸ்டேக், 8 அவுன்ஸ் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. பரிமாறியவர் வயது முதிர்ந்த மனிதர். இந்தப் பகுதி இறைச்சி நார் ஓட்டம் கொண்டது, மீடியம் ரேர் என்ற, உள்ளே சிவப்பு மாறாத பதத்தைத் தாண்டினால் இறுகிவிடும், ஆகவே அந்தப் பதத்தில் கேளுங்கள் என்று பையனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வந்த இறைச்சி வெளியே கருகிய மேல்தோலும் உள்ளே சிவப்புமாக, குறுக்கே நறுக்கப்பட்டு, அருமையாக இருந்தது. ‘சலுகைக்கு வந்தவர்கள்தானே’ என்ற பார்வை ஒருவரிடமும் இல்லை. அந்த மதியத்தை அவன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அதே ஆண்டு கோடையில், அந்த நினைவில் மயங்கி, என் மனைவியையும் சேர்த்துக்கொண்டு வேறோர் உணவகத்துக்கு இரவு உணவுக்குப் போனோம். பெயரைச் சொல்வது இக்கடிதத்தின் நோக்கம் அன்று. இணையத்தில் மேசை பதிவு செய்யும்போதே சலுகை உணவு என்று குறித்திருந்தும், அங்கே முதலில் கொடுத்தது வழக்கமான பட்டியலை. சலுகைப் பட்டியல் எங்கே என்று நாங்கள் கேட்ட பிறகே ஒற்றைத் தாள் ஒன்று வந்தது. அதில் முதன்மை உணவு என்ற இடத்தில் ‘ஸ்டேக், உருளைக்கிழங்கு வறுவல்’ என்று மட்டுமே இருந்தது; எந்தப் பகுதி இறைச்சி, எவ்வளவு எடை என்ற குறிப்பே இல்லை. கேட்டதற்கு, சமையல்காரர் அன்றன்று தேர்ந்தெடுப்பார் என்றார்கள். அடுத்த வரியில், விலை கூடிய பகுதியான ரிப் ஐ ஸ்டேக் வேண்டுமானால் கூடுதலாக 28 டாலர் என்றிருந்தது. தட்டு வந்தபோது, சர்லாயின் என்ற பகுதியை மெல்லிதாக வெட்டிய துண்டுகள் ஒரு கையளவு இருந்தன. அவையும் கேட்ட பதத்தைத் தாண்டி வெந்திருந்தன. பையன் தட்டைப் பார்த்துவிட்டு, “மாமா, நாம கேட்டது இதுதானா?” என்று மெதுவாகக் கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் நாங்கள் என்ன கேட்டோம் என்பதே எங்களுக்குத் தெரியாமல்தான் கேட்டிருந்தோம்.

ஒரே நகரம், ஒரே சலுகை, இரண்டு உணவகங்கள். வேறுபாடு எங்கே வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மற்ற வகை உணவகங்களைவிட ஸ்டேக் உணவகத்துக்கு இந்தச் சலுகை கடினமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தாலிய உணவகத்தில் சமையல்காரர் மாவையும் முட்டையையும் தக்காளியையும் வைத்துக்கொண்டு தன் கைத்திறனால் உயர்ந்ததோர் உணவைப் படைத்துவிடலாம். பொருளின் விலை குறைவு, வேலைப்பாட்டின் மதிப்பே அதிகம். ஸ்டேக் உணவகத்தில் தட்டின் நடுவே இருப்பது இறைச்சி மட்டுமே. அதன் விலையில் பெரும்பகுதியை இறைச்சிக் கொள்முதலே விழுங்கிவிடுகிறது. குழம்பு ஊற்றி மறைக்கவும் முடியாது, காய்கறி சேர்த்து நிரப்பவும் முடியாது. ஆகவே விலையைக் குறைத்தால், மூன்றில் ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும்: இறைச்சியின் பகுதி, எடை, அல்லது தரம். சலுகையின் பொருள் இதுதான் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் குறை சொல்ல அவருக்கு இடமில்லை. தெரியாமல் போனால் ஒவ்வொரு தட்டும் ஏமாற்று வேலையாகத் தோன்றும்.

இதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும். நம்மவர்களில் பலருக்கு ஸ்டேக் என்றால் ஒரே பொருள் என்ற எண்ணம் இருக்கிறது. மாட்டின் முதுகெலும்பை ஒட்டிய பகுதிகள் அதிகம் உழைக்காதவை. ஆகவே மென்மையானவை, ஆகவே விலை கூடியவை. விலா எலும்பை ஒட்டி வரும் ரிப் ஐ, கொழுப்பு ஊடோடி நெய்மணம் தருவது. அதற்குப் பின்னால் வரும் ஸ்ட்ரிப், இந்நகரின் பெயராலேயே நியூயார்க் ஸ்ட்ரிப் என்று அழைக்கப்படுகிறது. முதுகெலும்பின் உட்புறமாகக் கிடக்கும் டெண்டர்லாயின் எல்லாவற்றையும்விட மிருது, ஆனால் சுவை மென்மையானது. அதிலிருந்து வெட்டுவதே ஃபிலே மின்யோன். டி வடிவ எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப்பும் மறுபக்கம் டெண்டர்லாயினும் ஒட்டிவரும் போர்ட்டர்ஹவுஸ் இருவர் பகிர்ந்து உண்பது; அது சலுகைப் பட்டியலில் இடம்பெறும் என்று எதிர்பார்க்கலாகாது. சலுகை வாரத்தில் பெரும்பாலும் கிடைப்பவை வேறு. உதரவிதானத்தை ஒட்டித் தொங்கும் ஹேங்கர், ஒரு மாட்டுக்கு ஒன்றே ஒன்று. முற்காலத்தில் கசாப்புக்காரர்கள் விற்காமல் தமக்கென்று எடுத்துவைத்துக்கொண்ட பகுதி என்று சொல்வார்கள். தோள்பட்டையிலிருந்து வரும் ஃப்ளாட் அயர்ன், நடுவே தடித்த நரம்பு ஓடுவதால் நெடுங்காலம் மதிப்பில்லாமல் கிடந்தது; நெப்ராஸ்கா, ஃப்ளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், மாட்டின் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகச் சோதித்து, அந்த நரம்பை நீக்கி வெட்டினால் டெண்டர்லாயினுக்கு அடுத்தபடியான மென்மை கிடைக்கிறது என்று காட்டிய பிறகே, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உணவகங்களுக்குள் நுழைந்தது. பின்னங்காலுக்கு முன்னே உள்ள சர்லாயின் சற்று இறுக்கமானது, ஆனால் இறைச்சிச் சுவை நிறைந்தது.

இவற்றை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. நன்றாகச் சமைத்த ஹேங்கர் துண்டு, அலட்சியமாகச் சமைத்த ஃபிலேயைவிட எவ்வளவோ மேல் என்பது என் அனுபவம். என் குறை அந்தப் பெயரை அச்சிடாமல் ‘ஸ்டேக்’ என்று பொதுவாக எழுதிவிடுவதில்தான் இருக்கிறது. ஒருவர் தன் மனத்தில் ரிப் ஐயை நினைத்துக்கொண்டு வருகிறார். உணவகம் தன் சமையலறையில் சர்லாயினை எடுத்து வைத்திருக்கிறது. ஃப்ளாட் அயர்ன் என்று நேராக எழுதினால் அதை விரும்புகிறவர் வருவார், விரும்பாதவர் வேறிடம் போவார்.

எடையும் அப்படித்தான். பட்டியலில் காணும் எடை சமைப்பதற்கு முன் உள்ள எடை. 8 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 227 கிராம், அனலில் நீரையும் கொழுப்பையும் இழந்து தட்டுக்கு வரும்போது கண்ணுக்குத் தெரியும் அளவு சுருங்கிவிடும். நன்றாக வேகவைக்கச் சொன்னால் இன்னும் சுருங்கும். 6 அவுன்ஸ் ஃபிலே என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும். தரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க வேளாண் துறை 1927 முதல் மாட்டிறைச்சிக்குத் தர முத்திரை இடுகிறது. தசைக்குள் ஊடோடும் கொழுப்பின் அளவைக் கொண்டு பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று பிரிக்கிறார்கள். பெரிய ஸ்டேக் உணவகங்கள் தங்கள் பெயரையே பிரைம் முத்திரையின்மேல் கட்டியெழுப்பியிருக்கின்றன. சலுகைத் தட்டில் வருவதும் அதே பிரைம்தானா என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. உலர்முறையில் பதப்படுத்துவதும் அதுபோலவே. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், காற்றோட்டமுள்ள அறையில், நான்கு வாரம் வரை தொங்கவிடப்படும் இறைச்சி நீர் வற்றி, மேல்பகுதி உலர்ந்து, அதைச் சீவியெறிந்த பிறகு எடையில் கணிசமாகக் குறைகிறது. அந்த இழப்பையெல்லாம் மிஞ்சியிருக்கும் துண்டின் விலைதான் சுமக்க வேண்டும். 52-ஆம் தெருவில் 1927-இல் தொடங்கிய கேலகர்ஸ் உணவகத்தில் இந்த அறையைத் தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அடுக்கடுக்காக இறைச்சித் துண்டங்கள் காத்திருப்பதைப் பார்த்தாலே விலையின் காரணம் விளங்கிவிடும். அப்படிப் பதப்படுத்திய இறைச்சியைச் சலுகை விலையில் தராத உணவகத்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன். உலர்பதம் என்ற சொல்லை வாசலில் பெரிதாக எழுதிவிட்டு, சலுகைத் தட்டுக்கு அது பொருந்தாது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

உணவக உரிமையாளர்களின் சிரமத்தையும் எழுதாமல் விட்டால் நேர்மையாகாது. 2025 ஜனவரிக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இருந்த மாடுகளின் எண்ணிக்கை 8.67 கோடி, 1951-க்குப் பிறகு இவ்வளவு குறைந்தது அப்போதுதான். தொடர்ந்த வறட்சியில் மேய்ச்சல் நிலம் காய்ந்து, தீவன விலை ஏறி, பண்ணையாளர்கள் கன்று ஈனும் பசுக்களையும் விற்றுவிட்டதன் விளைவு இது. ஒரு கிடேரியை விற்காமல் வைத்து வளர்த்து, அது ஈன்று, அந்தக் கன்று இறைச்சிக்கு வளர்வதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே விலை சீக்கிரம் இறங்காது. கொள்முதல் விலை இப்படி ஏறிக்கொண்டே போக, சலுகை விலையின் மேல்வரம்பு மட்டும் 60 டாலரில் நிற்கிறது. தட்டில் துண்டு சிறுத்ததற்கு இது உண்மையான காரணம். இந்தக் காரணத்தை இரண்டு வரியில் பட்டியலின் அடியில் எழுதியிருந்தால் என் மருமகனே புரிந்துகொண்டிருப்பான்.

இனி, தங்கள் கட்டுரையில் சொன்ன 60 டாலருக்கு வருகிறேன். கணக்கு என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் துல்லியமாகவே சொல்கிறேன். 60 டாலர் உணவுக்கு நியூயார்க் நகரில் விற்பனை வரி 8.875 விழுக்காடு, அதாவது 5.33 டாலர். பரிமாறுபவருக்கு 20 விழுக்காடு டிப்ஸ் 12 டாலர். ஆக, தண்ணீர் மட்டுமே குடித்து, வேறெதையும் தொடாமல் எழுந்தாலே 77.33 டாலர். ஸ்டேக் உணவகங்களில் கீரை மசியல், உருளைக்கிழங்கு போன்ற பக்க உணவுகளைத் தனியாக விலை வைத்து விற்பது வழக்கம். சலுகைத் தட்டுடன் அவை வரும் இடமும் உண்டு, வராத இடமும் உண்டு. 16 டாலருக்கு ஒரு பக்க உணவும் 20 டாலருக்கு ஒரு கோப்பை ஒயினும் சேர்ந்தால், உணவு மொத்தம் 96, வரி 8.52, டிப்ஸ் 19.20, கூட்டினால் 123.72 டாலர். கூடுதல் கட்டணம் கொடுத்து ரிப் ஐ வாங்கியவருக்கு அதற்கும் மேல். சலுகை வாரத்தில் போகும் குடும்பம் நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், 240 டாலர் என்று எண்ணிப் போனவர்கள் அதைப்போல இரு மடங்கு கொடுத்துவிட்டு வெளியே வருவார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாம் பட்டியலில் ஆங்காங்கே இருக்கும் எண்கள்தான். ஆனால் ஒரு நாளிதழ் 60 என்ற எண்ணை மட்டும் எடுத்து அச்சிடும்போது, மற்ற எண்களும் வாசகருக்குப் போய்ச் சேர வேண்டும்.

டிப்ஸ் பற்றி இன்னொன்று. இது நம்மவர்களிடம் நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது. ஊரில் டிப்ஸ் என்பது மனமுவந்து வைப்பது; வைக்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே அது கூலியின் ஒரு பகுதி. 2025-இல் நியூயார்க் நகரின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.50 டாலராக இருந்தது; ஆனால் உணவகத்தில் பரிமாறுபவருக்கு முதலாளி 11 டாலர் கொடுத்தால் போதும், மீதி 5.50 டாலர் வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸிலிருந்து வரும் என்று சட்டமே கணக்கிட்டிருந்தது. டிப்ஸ் குறைந்தால் முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பதும் சட்டம்தான் என்றாலும், அதைக் கேட்டு வாங்கும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும் என்பதை அந்த வேலையைச் செய்த நான் அறிவேன். சலுகை வாரத்தில் மேசைகள் நிரம்பி வழியும். தூக்கும் தட்டுகளின் எண்ணிக்கை குறைவதில்லை, ஊற்றும் தண்ணீர் குறைவதில்லை. பில் தொகை மட்டும் குறைகிறது, அதனுடன் டிப்ஸும் குறைகிறது. நான் மேசை துடைத்த அந்த இரண்டு ஆண்டுகளில், சலுகை வாரம் முடிந்த இரவில் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, மூத்த பரிமாறுபவர்களின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு மறக்கவில்லை. ஆகவே சலுகை விலைக்கு அல்லாமல், அந்த உணவு வழக்கமான நாளில் என்ன விலையோ அதற்குக் கணக்கிட்டு டிப்ஸ் வைப்பதே முறை என்று இங்குள்ள பழகிய வாடிக்கையாளர்கள் கருதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் கடைப்பிடிக்கிறோம். எங்களுக்கு மோசமான உணவு கிடைத்த அந்தக் கோடை இரவிலும் அப்படியே வைத்தோம். துண்டை வெட்டியது எங்களுக்குப் பரிமாறிய அந்தப் பெண் அல்லவே.

நடத்தும் விதத்தைப் பற்றியும் எழுத வேண்டும். சில உணவகங்களில் சலுகைக்கு வருகிறவர்களைச் சமையலறைக் கதவோரமும் கழிவறைப் பாதையோரமும் உட்காரவைப்பதும், முதல் தட்டை எடுக்கும் முன்பே அடுத்ததைக் கொண்டுவந்து வைப்பதும் நடக்கிறது. இந்நகரின் ஸ்டேக் உணவகங்களுக்கு வாசலில் ஆளை நிறுத்தி வடிகட்டிய பழைய வரலாறு ஒன்று உண்டு. 1885-இல் தொடங்கிய கீன்ஸ் உணவகத்தில் ஆண்களுக்கு மட்டுமே இடமளித்த காலத்தில், லில்லி லாங்ட்ரி என்ற நாடக நடிகை தம்மை உள்ளே விடவில்லை என்று வழக்குத் தொடுத்து, 1905-இல் வென்று, நேரே உள்ளே போய் அங்கே பேர்பெற்ற ஆட்டிறைச்சித் துண்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பதை அந்த உணவகமே இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ரெஸ்டாரண்ட் வீக்கின் உயர்வும் அதுபோன்றதுதான் என்பது என் எண்ணம்: வழக்கமாக உள்ளே வர இயலாதவருக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. திறந்த பிறகு வந்தவரை மூலையில் தள்ளினால் திறந்ததற்குப் பொருளில்லை. என் மருமகனைப் போன்ற பிள்ளைகள் இன்னும் ஐந்தாறு ஆண்டில் முழு விலை கொடுத்துச் சாப்பிடும் நிலைக்கு வந்துவிடுவார்கள். அப்போது அவர்கள் நினைவில் வைத்திருக்கப்போவது தம்மை மதித்த உணவகத்தைத்தான்.

வாடிக்கையாளரின் பங்கும் இருக்கிறது. நம் வீடுகளில் இறைச்சியை நன்றாக வேகவைத்தே சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம். சிவப்பைக் கண்டால் பச்சை இரத்தம் என்று எண்ணி ஒதுக்குகிறோம். அது இரத்தம் அல்ல, தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். இருந்தாலும் பிடிக்காததைப் பிடித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நன்கு வெந்ததே வேண்டும் என்போர், மெல்லிய ஹேங்கர், சர்லாயின் துண்டுகளைத் தவிர்த்துவிட்டு, நெடுநேரம் வேகவைத்த விலா இறைச்சி பட்டியலில் இருந்தால் அதைக் கேட்பது நல்லது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் குடும்பத்தில் இருந்தால், சலுகைப் பட்டியலில் சால்மன் மீனோ கோழியோ ஒன்று இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் மரக்கறி மட்டும் உண்போருக்கு முதன்மை உணவே இல்லாத இடங்கள் உண்டு. என் மனைவி மாட்டிறைச்சி தொடமாட்டார். அந்தக் கோடை இரவில் அவருக்குக் கிடைத்த கோழிதான் எங்கள் மூவரின் தட்டிலும் நன்றாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. குளிர்காலத்திலும் கோடையிலும் தாங்கள் இந்தச் சலுகை பற்றிய செய்தியை வெளியிடும்போது, ஸ்டேக் உணவகங்களுக்கு மட்டுமாவது விலையுடன் நான்கு விவரங்களைச் சேர்த்து அச்சிட வேண்டும்: எந்தப் பகுதி இறைச்சி, சமைக்கும் முன் அதன் எடை, எதற்கெல்லாம் கூடுதல் கட்டணம், பக்க உணவு சேர்ந்ததா இல்லையா. இவற்றைத் திரட்டுவது பெரிய வேலை அன்று. பல உணவகங்கள் சலுகைப் பட்டியலைச் சில நாள் முன்னதாகவே வெளியிட்டுவிடுகின்றன. வெளியிடாதவற்றைத் தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்டும் சொல்லாத உணவகம் இருந்தால், பெயருக்கு எதிரே ‘விவரம் தரவில்லை’ என்று போட்டுவிடலாம். படிப்பவர் அதிலிருந்தே வேண்டியதைத் தெரிந்துகொள்வார். வரியும் டிப்ஸும் சேர்த்தால் ஒருவருக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு வரிக் கணக்கும், டிப்ஸ் இங்கே கூலியின் பகுதி என்று ஒரு குறிப்பும் இருந்தால், ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் மேசையில் உட்கார்ந்து சங்கடப்பட நேராது. கணக்குப் போட்டுத் தர ஆள் வேண்டுமானால், பணம் எதுவும் பெறாமல் நானே செய்து தரத் தயாராக இருக்கிறேன்.

அக்கா மகனுக்குச் சென்ற மாதம் வேலை கிடைத்திருக்கிறது. முதல் சம்பளத்தில் மாமாவுக்கும் அத்தைக்கும் தன் கையால் செலவழித்து ஸ்டேக் வாங்கித் தர வேண்டும் என்கிறான், அதுவும் அடுத்த ரெஸ்டாரண்ட் வீக்கில், அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் போன அதே உணவகத்தில். தொலைபேசியில் அழைத்து, இந்த முறை எந்தப் பகுதி, எத்தனை அவுன்ஸ் என்று கேட்டு வைத்திருக்கிறான். ஹேங்கர், 8 அவுன்ஸ் என்று உடனே பதில் சொன்னார்களாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குவீன்ஸ், நியூயார்க்